நூறு பேரில் நூற்றுப் பதினைந்து பேர்

ஒரு வகுப்பில் 65% பேருக்கு நீச்சல் தெரியும், 50% பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்று கணக்கு ஆரம்பிக்கும். கை தானாகவே இரண்டையும் கூட்டிவிடும். 115. நூறு பேர் இருக்கிற இடத்தில் கூடுதலாக 15 பேர் எங்கிருந்து முளைத்தார்கள்? வினாவில் அச்சுப்பிழையோ என்று ஒரு சந்தேகம், நமக்குத்தான் ஒழுங்காகப் படிக்கத் தெரியவில்லையோ என்று இன்னொரு சந்தேகம். தேர்வு அறையில் இந்த இடத்திலேயே அரை நிமிடம் போய்விடும். அரைகுறையாக ஞாபகத்தில் இருக்கிற சூத்திரத்தைத் தேடி இன்னொரு நிமிடம். எழுதி, அடித்து, மறுபடி எழுதி, நாலு நிமிடம் கரைந்தபின் ஒரு விடை வரும். அந்த விடை கொடுத்திருக்கிற நான்கு தெரிவுகளில் ஒன்றாகவும் இருக்கும், தப்பாகவும் இருக்கும். எரிச்சல் போன மதிப்பெண்ணுக்காகக்கூட இல்லை. வெறும் கூட்டல் கழித்தல்தான், ஒரு நிமிடத்தில் முடிய வேண்டியது, அது நம்மை இப்படி உட்கார்த்தி வைத்துவிட்டதே என்பதற்குத்தான்.

அந்த 115 பிழை இல்லை. இதை முதல் நாளே யாராவது சொல்லிவிட்டால் பாதி வேதனை மிச்சம். 115 என்பது தலைகளின் எண்ணிக்கை அல்ல, இரண்டு பட்டியலிலும் எழுதப்பட்ட பெயர்களின் எண்ணிக்கை. நீச்சலும் சைக்கிளும் தெரிந்த ஒருவருடைய பெயர் இரண்டு தாளிலும் இருக்கும். தலை ஒன்று, பெயர் இரண்டு. பெயர்கள் 115, தலைகள் அதிகம் போனால் 100. அப்படியானால் குறைந்தது 15 பேருடைய பெயராவது இரண்டு தாளிலும் இருந்தே தீர வேண்டும். அடுத்த குழியும் இங்கேயே இருக்கிறது. 15 என்பது விடை அல்ல, விடையின் கீழ் எல்லை. எதுவுமே தெரியாதவர் ஒருவரும் இல்லை என்று வினா சொன்னால் மட்டுமே இரண்டும் தெரிந்தவர் சரியாக 15%. இரண்டும் தெரியாதவர் 10% என்றால் தலைகள் 90ஆகச் சுருங்கும், பெயர்கள் அதே 115, இரட்டைப் பெயர்கள் 25. வினாவில் 'ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒன்றாவது தெரியும்' என்ற வரி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் நூறைக் கழிக்கிறவர்கள்தான் இந்த வகைக் கணக்கில் அதிகம் அடிபடுகிறார்கள். அந்த வரி பெரும்பாலும் கடைசியில், யாரும் பார்க்காத மூலையில் கிடக்கும்.

இனி ஒரு முழுக் கணக்கு. ஒரு தேர்வில் கணிதத்தில் 35% பேர் தோல்வி, மொழிப்பாடத்தில் 45% பேர் தோல்வி, இரண்டிலும் தோல்வி 20%. இரண்டிலும் தேர்ச்சி பெற்றவர்கள் 240 பேர். தேர்வு எழுதியவர்கள் மொத்தம் எத்தனை பேர்? இதற்கு வட்டம் போடாமல் நாலு கட்டம் போடுங்கள் என்பது என் கட்சி. இரண்டு வட்டம் வரைந்தால் எல்லோருடைய கண்ணும் வட்டத்துக்குள்ளேயே சுற்றும்; வெளியே நிற்கிற 'எதிலும் இல்லாதவர்கள்' கண்ணிலேயே படமாட்டார்கள். கட்டத்தில் அவர்களுக்கும் ஒரு வீடு உண்டு, அதைக் காலியாக விட மனசு வராது. மேலே மொழி தோல்வி, மொழி தேர்ச்சி என்று இரண்டு பத்தி. இடப்பக்கம் கணிதம் தோல்வி, கணிதம் தேர்ச்சி என்று இரண்டு வரிசை. ஓரத்தில் கூடுதல்கள். முதலில் நிரப்ப வேண்டியது இரண்டும் சந்திக்கும் வீடு: 20. கணிதத் தோல்வி வரிசையின் கூடுதல் 35, ஆகவே பக்கத்து வீடு 15. இவர்கள் கணிதத்தில் மட்டும் கோட்டை விட்டவர்கள். மொழித் தோல்விப் பத்தியின் கூடுதல் 45, ஆகவே கீழ்வீடு 25. மொத்தம் 100, மூன்று வீட்டில் 60 போயாயிற்று, மிச்ச வீட்டில் 40. அந்த 40%தான் 240 பேர். ஒரு சதவீதத்துக்கு 6 பேர், மொத்தம் 600.

இதில் எங்கே சறுக்கும் என்று பார்த்தால், சறுக்கும் இடங்களுக்கெல்லாம் ஏற்கெனவே தெரிவுகளில் இடம் போட்டு வைத்திருப்பார்கள். 35ஐயும் 45ஐயும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் 20 வரும். 240ஐ 20% என்று எடுத்தால் விடை 1200. தோல்வியடைந்த 60%ஐ 240 பேரோடு முடிச்சுப் போட்டால் 400. இரண்டுமே முழு எண், இரண்டுமே நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். சந்தேகம் வந்தால் விடையைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதற்குப் பத்து வினாடி போதும். 1200 என்றால் கணிதத்தில் மட்டும் தோற்றவர் 180, மொழியில் மட்டும் 300, இரண்டிலும் 240, தேர்ச்சி 240, கூட்டினால் 960தான். மீதி 240 பேர் எங்கே? 400 என்றால் 60, 100, 80, 240, கூட்டினால் 480. இருக்கிறவர்களைவிட எண்பது தலை அதிகம். 600க்கு 90, 150, 120, 240. சரியாக உட்காரும். வீடுகளின் கூடுதல் மொத்தத்தோடு பொருந்துகிறதா என்ற இந்த ஒரு சோதனையைப் பழக்கமாக்கிக்கொண்டால் சூத்திரம் மறந்தாலும் பயமில்லை. பாடப்புத்தகம் இதையே கணங்களின் சேர்ப்பு (ஒன்றிலாவது இருப்பவர்கள்), வெட்டு (இரண்டிலும் இருப்பவர்கள்) என்று சொல்லி, முதல் கணம் கூட்டல் இரண்டாம் கணம் கழித்தல் வெட்டு என்று ஒரு வரியில் எழுதிவிடும். வரி சரிதான். ஆனால் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று அந்த வரி சொல்லாது.

எதைக் கேட்டிருக்கிறார்கள் என்பதில்தான் நேரம் எல்லாம் போகிறது, அதுவும் முக்கியமாக மூன்று நான்கு சொற்களில். 'கணிதத்தில் தோல்வி 35%' என்றால் அதில் இரண்டிலும் தோற்றவர்களும் அடக்கம். 'கணிதத்தில் மட்டும் தோல்வி' என்றால் அவர்கள் அடக்கம் இல்லை. ஒரு 'மட்டும்' 35ஐ 15 ஆக்கிவிடும். வினாவைப் படிக்கும்போதே 'மட்டும்' எங்கே வந்தாலும் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அடுத்தது 'அல்லது'. பேச்சில் 'பேருந்து அல்லது ரயில்' என்றால் ஏதோ ஒன்று, இரண்டும் இல்லை. கணக்கில் 'கணிதம் அல்லது மொழியில் தோல்வி' என்றால் இரண்டிலும் தோற்றவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள், விடை 60%. இரண்டிலும் தோற்றவர்களை விலக்க வேண்டும் என்றால் 'ஏதேனும் ஒன்றில் மட்டும்' என்றோ 'சரியாக ஒரு பாடத்தில்' என்றோ எழுதியிருக்க வேண்டும். அப்போது விடை 15 கூட்டல் 25, அதாவது 40%. இந்தக் கணக்கில் இரண்டிலும் தேர்ச்சி பெற்றவர்களும் 40% என்பதால், இரண்டையும் குழப்பிக்கொண்டவருக்கும் சரியான விடை வந்துவிடும். அப்படித் தப்பித்தவர் அடுத்த கணக்கில் மாட்டுவார்.

எல்லாவற்றையும்விட வழுக்கலானது எதிர்மறையோடு வரும் 'உம்'. 'இரண்டிலும் தேர்ச்சி பெறாதவர்கள்' என்று ஒரு தொடர். இதை இரண்டு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இதிலும் பெறவில்லை, அதிலும் பெறவில்லை என்று ஒரு பொருள், அப்படியானால் 20%. 'இரண்டிலும் தேர்ச்சி' என்ற பெருமை கிடைக்காதவர்கள் என்று இன்னொரு பொருள். அப்படியானால் ஒன்றிலாவது கோட்டை விட்ட அத்தனை பேரும், அதாவது 60%. தமிழில் இரண்டு வாசிப்புக்கும் இடம் இருக்கிறது. வழக்கமாக முதல் பொருளில்தான் எழுதுவார்கள். இரண்டாவதைச் சொல்ல 'குறைந்தது ஒரு பாடத்தில் தோல்வியுற்றவர்கள்' என்பார்கள். ஆனால் மொழிபெயர்த்த வினாத்தாளில் அந்த நம்பிக்கையை வைக்க முடியாது. தாள் இரு மொழியில் இருந்தால் இந்த ஒரு தொடருக்காக மட்டும் மற்ற வடிவத்தை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் இரண்டு பொருளையும் வைத்துக் கட்டத்தை நிரப்புங்கள். ஒன்றில் ஏதாவது ஒரு வீடு எதிர்மறை எண்ணாகி அம்பலப்பட்டுவிடும், அல்லது விடை தெரிவுகளில் இருக்காது. இரண்டும் ஒத்துப்போனால் வழக்கமான பொருளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

'ஒன்றில் மட்டும்' என்று தந்துவிட்டு வெட்டைக் கேட்கும் கணக்கும் உண்டு. ஒரு குழுவில் 70%, இன்னொன்றில் 50%, சரியாக ஒன்றில் மட்டும் இருப்பவர் 60%. பெயர்கள் 120. இரண்டிலும் உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். அவர்களை முழுதாக வெளியேற்றினால்தான் 'ஒன்றில் மட்டும்' கிடைக்கும் என்பதால் இரண்டு மடங்கு கழிக்க வேண்டும். 120இலிருந்து 60 வரை வந்தால் வித்தியாசம் 60, அதில் பாதி 30. இரண்டிலும் இருப்பவர் 30%, எதிலும் இல்லாதவர் 10%. ஒரு மடங்கு மட்டும் கழித்து 60 என்று எழுதுகிறவர்கள் நிறைய. 50% பேர் உள்ள குழுவோடு 60% பேர் எப்படிப் பொதுவாக இருக்க முடியும் என்று கேட்டாலே அந்த விடை விழுந்துவிடும். வெட்டு, சிறிய குழுவைத் தாண்டவே தாண்டாது.

இதுவரை எல்லாச் சதவீதமும் ஒரே மொத்தத்தின்மேல் நின்றன. உண்மையான வலி அடிமானம் மாறும்போது வருகிறது. ஓர் அலுவலகத்தில் 60% ஆண்கள், 40% பெண்கள். ஆண்களில் 30% பேரும் பெண்களில் 45% பேரும் இரவுப்பணி பார்க்கிறார்கள். இரவுப்பணி பார்ப்பவர் மொத்தம் எத்தனை சதவீதம்? 30ஐயும் 45ஐயும் கூட்டி 75 என்பார் ஒருவர். சராசரி எடுத்து 37½ என்பார் இன்னொருவர். அந்த 30 நிற்பது 60இன் மேல், 45 நிற்பது 40இன் மேல். 60இல் 30% என்றால் 18, 40இல் 45% என்றால் 18. மொத்தம் 36%. இரவுப்பணியில் சரிபாதி பெண்கள், பெண்களுக்கு 45% என்ற எண் பெரிதாகத் தெரிந்தாலும். இதற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: தாளில் எந்தச் சதவீதத்தை எழுதினாலும் பக்கத்தில் 'எதில்' என்று ஒரு சொல் எழுதுவது. '45%, பெண்களில்.' '36%, எல்லோரிலும்.' '50%, இரவுப்பணியில்.' கேட்கும்போது அற்பமாக இருக்கும். எழுத இரண்டு வினாடி. எழுதாமல் விட்டால் இரண்டு அடிமானங்களின் சதவீதங்களைக் கூட்டிவிட்டு, எங்கே தப்பு என்று தெரியாமல் கணக்கை முதலிலிருந்து போட நேரும். 'எதில்' என்ற சொல் ஒன்றாக இருந்தால் மட்டுமே கூட்டலாம், கழிக்கலாம். வேறாக இருந்தால் முதலில் பெருக்கி ஒரே அடிமானத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இதன் கடினமான உறவினர் ஒருவர் இருக்கிறார். கார் ஓட்டத் தெரிந்தவர்களில் 60% பேருக்குப் பைக்கும் ஓட்டத் தெரியும். பைக் ஓட்டத் தெரிந்தவர்களில் 40% பேருக்குக் காரும் ஓட்டத் தெரியும். இரண்டும் தெரியாதவர் மொத்தத்தில் 5%. இரண்டும் தெரிந்தவர் மொத்தத்தில் எத்தனை சதவீதம்? முதல் பார்வையில் 60ஐயும் 40ஐயும் கூட்டினால் நூறு, ஆனால் 5% வெளியே நிற்கிறதே என்று தலை சுற்றும். அவசரத்தில் இரண்டு மாறிகள் வைத்துச் சமன்பாடு எழுதத் தோன்றும். எழுதலாம், வரும், ஆனால் நேரம் எடுக்கும். குறுக்குவழி, இரண்டு அடிமானத்துக்கும் பொதுவான ஆட்களிடமிருந்து தொடங்குவது. இரண்டும் தெரிந்தவர்கள் கார்க்காரர்களில் 60%ஆகவும் பைக்காரர்களில் 40%ஆகவும் இருக்கிறார்கள். ஆட்கள் மட்டும் அதே ஆட்கள்தான். அவர்களை 6 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 பேர் 60% என்றால் கார்க்காரர் 10. அதே 6 பேர் 40% என்றால் பைக்காரர் 15. பெயர்கள் 25, இரட்டைப் பெயர் 6, தலைகள் 19. இந்த 19 தலைகள்தான் மொத்தத்தில் 95%. ஒரு தலைக்கு 5%. இரண்டும் தெரிந்தவர் 6 தலை, அதாவது 30%. கார் 50%, பைக் 75%. சரிபார்த்தால் 50இல் 60% 30, 75இல் 40% 30. முடிந்தது. எடுத்ததும் 100 என்று வைக்காமல், வெட்டை வசதியான ஓர் எண்ணாக வைத்ததுதான் இதில் உள்ள சூட்சுமம்.

மூன்று குழு வந்தால் நாலு கட்டம் போதாது, வட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஆங்கிலேயத் தர்க்கவியலாளர் ஜான் வென் 1880இல் இந்தப் படங்களைப் பற்றி எழுதியதால் அவர் பெயரில் வெண்படம் என்கிறோம். வட்டங்களை வைத்துக் காட்டும் வழக்கம் அதற்கு நூறாண்டுக்கு முன்பே கணித அறிஞர் ஆய்லரிடம் இருந்தது. மூன்று வட்டத்தில் உள்ளே ஏழு அறை, வெளியே ஒன்று, ஆக எட்டு. நான்கு குழுவுக்குப் பதினாறு அறை வேண்டும். ஆனால் நான்கு வட்டங்களை எப்படிப் போட்டாலும் பதினான்குக்குமேல் பிரியாது. அதனால்தான் நான்குக்கு வட்டம் வரைந்து பார்த்துவிட்டு ஏதோ இடிக்கிறதே என்று குழம்புகிறார்கள். இடிப்பது உங்கள் கை அல்ல, வட்டம்தான். வென் அதற்கு நீள்வட்டத்துக்குப் போனார். தேர்வில் நான்கு குழு வந்தால் பெரும்பாலும் அது கீழே சொல்லப்போகிற 'குறைந்தது எத்தனை' வகைதான், படமே வேண்டாம்.

மூன்று குழுக் கணக்கு: நீச்சல் 50%, ஓட்டம் 60%, சைக்கிள் 40%. நீச்சலும் ஓட்டமும் 30%, ஓட்டமும் சைக்கிளும் 20%, நீச்சலும் சைக்கிளும் 15%. மூன்றும் 10%. கொடுத்த வரிசையிலேயே படத்தில் எழுத ஆரம்பித்தால் தொலைந்தோம். 50ஐ நீச்சல் வட்டத்துக்குள் எழுதியதும் அது எந்த அறைக்குச் சொந்தம் என்ற கேள்வி வரும்; அந்த எண் எந்த ஒரு அறைக்கும் சொந்தம் இல்லை, நான்கு அறைக்கும் பொதுவானது. நடுவிலிருந்துதான் வெளியே வர வேண்டும். நடு அறை 10. நீச்சலும் ஓட்டமும் 30 என்பதில் இந்த 10 அடக்கம். ஆகவே அந்த இரண்டுக்கு மட்டும் உரிய இதழ் 20. ஓட்டமும் சைக்கிளும் மட்டும் 10. நீச்சலும் சைக்கிளும் மட்டும் 5. பிறகு வெளி அறைகள். நீச்சல் மட்டும்: 50இலிருந்து 20, 5, 10 போக 15. ஓட்டம் மட்டும்: 60இலிருந்து 20, 10, 10 போக 20. சைக்கிள் மட்டும்: 40இலிருந்து 10, 5, 10 போக 15. ஏழையும் கூட்டினால் 95. வெளியே 5.

இங்கே மிகப் பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில் விழுகிறார்கள். 'நீச்சலும் ஓட்டமும் 30' என்பதை இதழில் அப்படியே 30 என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று ஒருமுறை போட்டே பார்த்துவிடலாம். நீச்சல் மட்டும்: 50இலிருந்து 30, 15, 10 போக கழித்தல் 5. சைக்கிள் மட்டும்: 40இலிருந்து 20, 15, 10 போக அதுவும் கழித்தல் 5. ஓட்டம் மட்டும் பூஜ்யம். கழித்தல் ஐந்து பேர் நீந்த முடியாது. எதிர்மறை எண் வந்தால் கூட்டல் கழித்தலை மறுபடி போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கூட்டல் சரியாகத்தான் இருக்கும், 'மட்டும்' என்று இல்லாத இடத்தில் அதைக் கற்பனை செய்துகொண்டோம் என்று பொருள். துரதிர்ஷ்டம் என்னவென்றால் எண்கள் பெரிதாக இருந்தால் எதிர்மறை வராமலே போகலாம், அப்போது தப்பு சத்தமில்லாமல் கடந்துபோகும். அதற்காகத்தான் நடுவிலிருந்து தொடங்கும் பழக்கம்.

சில வினாக்களில் இரண்டிரண்டாக எத்தனை என்ற விவரமே இருக்காது. பெயர்களின் கூடுதல் தெரியும், குறைந்தது ஒன்று தெரிந்தவர் தெரியும், மூன்றும் தெரிந்தவர் தெரியும். சரியாக இரண்டு தெரிந்தவர் எத்தனை என்று கேட்பார்கள். ஏழு அறையையும் நிரப்ப முயன்றால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், விவரம் போதாது. போதாது என்றதும் வினா தப்பு என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இங்கே பெயர், தலை என்ற அதே பிரிப்பு கைகொடுக்கும். மேலே உள்ள எண்களையே எடுத்தால் பெயர்கள் 150, தலைகள் 95. ஒரு பெயர் மட்டும் உள்ளவர் கூடுதல் எதையும் உண்டாக்குவதில்லை. இரண்டு பெயர் உள்ளவர் ஒரு பெயரைக் கூடுதலாகத் தருகிறார், மூன்று பெயர் உள்ளவர் இரண்டைத் தருகிறார். கூடுதல் பெயர்கள் 55. மூன்றும் தெரிந்த 10 பேர் தந்தது 20. மிச்சம் 35, அத்தனையும் சரியாக இரண்டு தெரிந்தவர்களுடையது. ஆகவே 35%. படத்தில் 20, 10, 5 என்று வந்ததும் அதே 35தான்.

'குறைந்தது எத்தனை சதவீதம் பேருக்கு எல்லாமே தெரிந்திருக்க வேண்டும்' என்ற வகையைக் கண்டாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் இருப்பதிலேயே சீக்கிரம் முடிகிறது இதுதான். நூறு நாற்காலி ஒரே வரிசையில். 70% பேர் இடது ஓரத்திலிருந்து உட்காருகிறார்கள், 60% பேர் வலது ஓரத்திலிருந்து. எவ்வளவு விலகி உட்கார முயன்றாலும் நடுவில் 30 நாற்காலியில் மோதித்தான் ஆக வேண்டும், இது குறைந்தபட்சம். இருவருமே இடமிருந்து உட்கார்ந்தால் 60 நாற்காலியில் இரண்டு கூட்டமும் இருக்கும், இது அதிகபட்சம். மூன்று, நான்கு குழுவுக்கு நாற்காலியைக் கற்பனை செய்வது சிரமம், அப்போது தெரியாதவர்களை எண்ணுங்கள். 90%, 85%, 80%, 75% என்று நான்கு. தெரியாதவர்கள் 10, 15, 20, 25. இவர்கள் ஒருவரோடு ஒருவர் கலக்காமல் தனித்தனி ஆட்களாகவே இருந்தாலும் 70 பேர். மிச்ச 30 பேருக்கு எல்லாமே தெரிந்தே தீர வேண்டும். 30%. தெரியாதவர்களின் கூடுதல் நூறைத் தொட்டாலோ தாண்டினாலோ விடை பூஜ்யம். கழித்து எதிர்மறையாக எழுதி வைக்கக் கூடாது. அதிகபட்சம் கேட்டால் இருப்பதில் சிறிய எண், இங்கே 75. இதற்கு மேல் இந்த வகையில் ஒன்றும் இல்லை.

கடைசியாக, 100 என்று வைத்துக்கொள்வது எப்போதும் வசதி அல்ல. 33⅓%, 25%, இரண்டும் 10% என்று வந்தால் நூறை வைத்துப் பின்னத்தோடு மல்லுக்கட்டுவதில் பொருள் இல்லை. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, பத்தில் ஒன்று. மூன்று, நான்கு, பத்து ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. மொத்தம் 60 என்று வைத்தால் 20, 15, 6. தலைகள் 29, எதிலும் இல்லாதவர் 31. எதிலும் இல்லாதவர் 62 பேர் என்று வினா சொன்னால் மொத்தம் 120. பின்னமே எழுத வேண்டாம். இதே மடங்கு விஷயம் விடையைச் சலிக்கவும் உதவும்: 12½% என்றால் மொத்தம் எட்டின் மடங்கு, 35% என்றால் இருபதின் மடங்கு. தெரிவுகளில் இருபதின் மடங்காக ஒரே ஒரு எண் இருந்தால் கணக்குப் போடாமலே கைவைத்துவிடலாம். ஆனால் வினா தயாரிப்பவர்களும் சில சமயம் இதைக் கவனிப்பதில்லை. மேலே பார்த்த தேர்வுக் கணக்கில் 240க்குப் பதில் 180 பேர் தேர்ச்சி என்று கொடுத்திருந்தால் மொத்தம் 450 வரும். 450இல் 35% என்பது நூற்று ஐம்பத்தேழரை ஆள். அரை ஆள் எப்படித் தோற்றார் என்று யோசித்துக்கொண்டு உட்காராமல் 450ஐக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள். விடைத்தாள் திருத்துகிறவரிடமும் 450தான் இருக்கும்.